ஏழாம் நம்பர் அறையும் இல்லாத கம்ப்யூட்டர்களும்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. பள்ளிக்கூடம் அஞ்சாம் வகுப்போடு முடிந்துபோயிற்று. ஒற்று எங்கே வரும், எங்கே வராது என்று இந்த வயதிலும் பிடிபடவில்லை. மறதி வேறு. நேற்று என்ன குழம்பு வைத்தாய் என்று யாராவது கேட்டால், சட்டியைத் திறந்து பார்த்துத்தான் சொல்வேன். பிழை இருந்தால் பெரிய மனசு பண்ணிக்கொள்ளுங்கள். நான் யாரைப் பற்றி எழுதப்போகிறேனோ அவள் இதைப் படித்தால், இப்படி ஆரம்பித்ததற்கே சண்டைக்கு வருவாள். "முத வரியிலயே மன்னிப்பா? தப்பு வந்தா அது பேனாவோட தப்பு ஆச்சி. அதுக்கு நீங்க எதுக்கு மன்னிப்புக் கேக்கிய?" என்பாள்.

அதுதான் அவள். உலகத்தில் மனுஷர் யாரும் தப்பு செய்வதில்லை, பொருள்கள்தான் செய்கின்றன என்பது அவள் கட்சி. அந்தக் கட்சியில் அவள் ஒருத்திதான் இருந்தாள். பேரைச் சொல்ல மாட்டேன். நல்லது எழுதினாலும் வம்பு, கெட்டது எழுதினாலும் வம்பு. இரண்டும் எழுதப்போகிறேன்.

குற்றாலத்தில் ஐந்தருவிக்குப் போகிற ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி ஒரு லாட்ஜ். அங்கே எனக்கு எல்லா வேலையும். கூட்டுவேன், விரிப்பு மாற்றுவேன், மோட்டார் போடுவேன், சாவி கொடுப்பேன். முதலாளி தென்காசியில் இருக்கிறார். எனக்கு ஆட்களின் முகத்தைப் பார்த்துப் பேச வராது. சாவியைக் கொடுத்த கையோடு வராந்தாத் தூணுக்குப் பின்னால் போய்விடுவேன். ஒரு சீசனில் ஒருவர் தூணைப் பார்த்தே வெந்நீர் கேட்டார். தூணும் கொண்டுபோய்க் கொடுத்தது.

அருவியில் தண்ணீர் நூலாகக்கூட விழாத ஒரு மாசத்தில் அவள் வந்தாள். நாற்பது வயது தாண்டியிருக்கும். கையில் இரண்டு பை, ஒரு பெட்டி நிறைய வயர். ஊர் ராயகிரிப் பக்கம். அண்ணன் தம்பி எல்லாரும் போலீஸ். "வீட்ல இருந்தா வாரத்துக்கு ஒருத்தன் பொண்ணு பாக்க வந்து கேசரியத் தின்னுட்டுப் போறான். அதுக்கு லாட்ஜே மேல்" என்று மாசக் கணக்கில் ஏழாம் நம்பர் அறையை எடுத்துக்கொண்டாள்.

வந்த அன்றைக்கே பூட்டு திறக்கவில்லை. நான் ஓடிப்போனேன்.

"மன்னிச்சுக்கோம்மா, சொல்ல மறந்துட்டேன். பூட்டைக் கீழ இழுத்துப் பிடிச்சுக்கிட்டு சாவியத் திருகணும்."

"மன்னிப்புக் கேக்க நீங்க என்ன செஞ்சிய?"

"சொல்லலையே."

"சாவின்னா போடணும், திருகணும், தொறக்கணும். இழுத்துப் பிடிக்கணும்னா அதப் பூட்டுல்லா சொல்லணும்? எத்தன வருசமா இந்தக் கழுதைக்கு வக்காலத்து வாங்குதிய?"

அன்று சாயங்காலமே செங்கோட்டைக்குப் பஸ் ஏறிப் போய்ப் புதுப் பூட்டு வாங்கி வந்தாள். பழையதைத் தூர எறியவில்லை. பிடிபட்ட திருடனைப் போலச் சன்னல் கம்பியில் தொங்கவிட்டாள். போகிறவர் வருகிறவரெல்லாம் என்ன என்று கேட்டார்கள். "தண்டனையில இருக்கு" என்றாள்.

அவள் வேலை கம்ப்யூட்டரில். கம்பெனிக்காரர்கள் எழுதுகிற சாப்ட்வேர் சரியாக ஓடுகிறதா என்று பார்ப்பது. பார்ப்பது என்று சொன்னால் அவளுக்குப் பிடிக்காது. "பாக்கது கோயில்ல. இங்கன உடைக்கது" என்பாள். தினமும் காலையில் கம்பெனியிலிருந்து புதிதாக ஒன்று வரும். அதைப் பில்டு என்பாள். இட்லி ஈடு மாதிரி என்று நான் புரிந்துகொண்டேன். நேற்று வெந்தது நேற்றோடு சரி, இன்றைக்கு வேறு ஈடு. அந்தப் புதுசைத் தன் கம்ப்யூட்டரில் ஏற்ற மாட்டாள். அதற்கென்று வேறு கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன என்றாள். கூட்டுகிற சாக்கில் கட்டிலுக்கு அடியில்கூடப் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

"எங்கனம்மா இருக்கு?"

"இல்ல ஆச்சி."

"இனிமேத்தான் வருமா?"

"வராது. அது நிசக் கம்ப்யூட்டரே கிடையாது. சென்னையில ஒரு பெரிய மிஷின் இருக்கு. அது தனக்குள்ள பத்து மிஷின் இருக்கமாதிரி நடிக்கும். வெர்ச்சுவல் மிஷின்னு பேரு. வேணும்னா ஒண்ண உண்டாக்குவேன், வேலை முடிஞ்சா கொன்னுருவேன்."

"இல்லாதத எப்படிம்மா கொல்லுவ?"

அவள் யோசித்தாள். "சாமி மாதிரின்னு வச்சுக்கோங்க. கண்ணுக்குத் தெரியாது. எல்லாரும் இருக்குன்னு சொல்லுதாங்க. கூப்பிட்டா சில நேரம் வரும். வரலைன்னா நம்ம மேலதான் குத்தம்பாங்க."

நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன், சாமிக்காகவா மிஷினுக்காகவா என்று தெரியாமலே.

அந்த இல்லாத மிஷினைப் பார்க்க ஒரு சன்னல் உண்டு. கன்சோல் என்பாள். நெட்டு வழியாக மிஷினுக்குள் போக வேறு வழிகளும் இருக்கின்றனவாம். ஆனால் அவளுக்குக் கன்சோல்தான் வேண்டும். "மத்ததெல்லாம் போன்ல பேசுத மாதிரி. கன்சோல்னா நேர போயி மூஞ்சிக்கு மூஞ்சி உக்காருத மாதிரி. அதுக்கு உசுரு வரும்போது கொட்டாவி விடுதது கூடத் தெரியும்" என்பாள். எனக்குத் தெரிந்ததெல்லாம் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து மளமளவென்று ஓடுவதுதான்.

எதை உடைக்கிறதானாலும் அதற்கு முன்னால் அந்த மிஷினை ஒரு படம் எடுத்து வைப்பாள். நம் போட்டோ மாதிரி இல்லை. எல்லாம் கெட்டுப்போனால் அந்தப் படத்தைக் கூப்பிட்டால் போதும், மிஷின் அந்த நாளுக்கே திரும்பிப் போய்விடும். அதற்குப் பிறகு நடந்தது எதுவும் அதற்கு நினைவிருக்காது. "எங்க அண்ணனுக்குக் கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு படம் எடுத்து வச்சிருக்கலாம்" என்பாள்.

அவள் நியாயம் அவளுக்கும் சேர்த்துத்தான். சோறு தீய்ந்தால் அடுப்பைத் திட்டுவாள். பஸ்ஸைத் தவறவிட்டால் பஸ்ஸைத் திட்டுவாள். ஒருநாள் அறைக்குள்ளிருந்து பெரிய சத்தம். என்னவோ ஏதோ என்று போனேன். அந்த மிஷினுக்குள் நெட்டு வழியாகப் போய் உட்கார்ந்துகொண்டு, வெளி ஆள் யாரும் வரக்கூடாது என்று கதவுகளை ஒவ்வொன்றாக அடைத்திருக்கிறாள். கடைசியில் தான் வந்த கதவையும் அடைத்துவிட்டாள். மிஷின் அவளையே வெளியே தள்ளிவிட்டது.

"அப்ப இது உன் தப்புதானம்மா?" என்று கேட்டேன். அவளிடம் மட்டும் எனக்கு இப்படிக் கேட்க வரும்.

"தப்புதான்" என்றாள். அப்படிச் சொன்னது அவள் தொண்டையில் மீன் முள் மாதிரி நின்றது. கொஞ்ச நேரம் கழித்து, "இருந்தாலும் அது ஒரு வார்த்தை கேட்டுருக்கலாம்லா? 'ஏட்டி, நீ உள்ள வந்த கதவையே அடைக்கியே, வெளங்குமா?'ன்னு" என்றாள். அப்புறம் கன்சோல் வழியாக உள்ளே போய்த் திறந்துகொண்டாள். அந்தக் கதவை மட்டும் யாராலும் அடைக்க முடியாதாம்.

குரங்கு வந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் குரங்குகளுக்குப் பயம் கிடையாது. அறைக்கு வாடகை கட்டியவர்களைப் போலத்தான் நடந்துகொள்ளும். அவள் டீ குடிக்கக் கீழே போன நேரத்தில் ஒன்று சன்னல் வழியாக உள்ளே போய், மேசையில் ஏறி உட்கார்ந்து, இரண்டு கையாலும் கீபோர்டை அடித்துக்கொண்டிருந்தது. நான் விளக்குமாற்றை எடுத்தேன். பின்னாலேயே வந்தவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"விரட்டாதீங்க. என்ன செய்யுதுன்னு பாப்போம்."

குரங்கு அடித்த அடியில் சாப்ட்வேர் படுத்துவிட்டது. அவளுக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே. ஒரு சீப்புப் பழத்தை அப்படியே கொடுத்தாள். கம்பெனிக்கு எழுதும்போது, கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் "உள்ளூர்க்காரர் ஒருவர்" என்று போட்டாள். அவர்களும் உள்ளூர்க்காரருக்கு நன்றி தெரிவித்தார்கள்.

வெளியே போனாலும் இதே கதைதான். ஒரு தடவை என்னைத் தென்காசிக்குக் கண் காட்டக் கூட்டிக்கொண்டு போனாள். வேறு ஊருக்குப் போக வேண்டிய ஒரு வயசாளி, பஸ் ஸ்டாண்டில் எங்கள் பஸ்ஸில் ஏறிவிட்டார். "போர்டைப் பாத்து ஏறத் தெரியாதா வே?" என்று கண்டக்டர் அவரை நடுவழியில் இறக்கிவிடப் பார்த்தார். இவள் எழுந்தாள்.

"அண்ணாச்சி, போர்டு முன்னாடி மட்டும் இருக்கு. ஏறுத வாசல் பின்னாடி இருக்கு. அவரு முதுகுல கண்ண வச்சுக்கிட்டா வருவாரு?"

"எம்மா, உங்களுக்கு என்ன வேணும்?"

"பின்னாடி ஒரு போர்டு வேணும்."

பஸ்ஸே சிரித்தது. அந்த வயசாளி மட்டும், "எந் தப்புதான் தாயி, விடு" என்றார். அவள் முகம் மாறிவிட்டது. இறங்கி நடக்கும்போது, "இதைக் கேட்டாத்தான் ஆச்சி எனக்குப் பத்திக்கிட்டு வருது. கெட்ட சாமானச் செஞ்சவன் நிம்மதியாத் தூங்குதான். அதுல மாட்டுனவன் மன்னிப்புக் கேக்கான்" என்றாள்.

இனி மருந்துச் சீட்டு விஷயம். இதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன்.

சின்னச் சின்னக் கிளினிக்குகளுக்கு என்று அவள் கம்பெனி ஒரு சாப்ட்வேர் செய்தது. டாக்டர் எழுதிய மருந்தை அங்கே இருக்கிற நர்ஸம்மா கம்ப்யூட்டரில் அடிக்க வேண்டும். காலை, மதியம், இரவு என்று கட்டம் போட்டு, பெரிய தமிழ் எழுத்தில் சீட்டு வரும். கண் தெரியாத கிழடுகளும் படிக்கலாம். நல்ல விஷயந்தான். முதலில் ராயகிரிப் பக்கம் சில கிளினிக்குகளில் வைப்பதாக ஏற்பாடு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்குள் இவள் பார்த்து, சரி என்று ஒப்புதல் போட வேண்டும்.

"முதச் சீட்டு எங்கம்மைக்குத்தான் வரும். சுகர் மாத்திரை தின்னுதா" என்றாள்.

புதன்கிழமை என்னைக் கூப்பிட்டுக் கன்சோல் முன்னால் உட்கார வைத்தாள். "நீங்க அடிச்சுப் பாருங்க. எனக்கு எல்லாம் தெரிஞ்சுபோச்சு, அதனால நான் பாத்துப் பிரயோசனம் இல்ல. தெரியாதவங்கதான் வேணும்" என்றாள். மாத்திரை பேரைத் தமிழில் எழுதிக் கொடுத்தாள். பேரை அடி, என்டர் பட்டனை அழுத்து. காலைக்கு ஒன்று அடி, என்டர். மதியத்துக்கு, இரவுக்கு ஒன்றும் கிடையாது. அவ்வளவுதான். யாராவது பக்கத்தில் நின்றால் எனக்குக் கை வராது. அது தெரிந்து, துண்டை எடுத்துக்கொண்டு அருவிக்குக் குளிக்கப் போய்விட்டாள்.

நான் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்தேன். வெயிலில் உளுந்து பொறுக்குகிற மாதிரி இருந்தது. கடைசியில் சீட்டு திரையில் வந்தது. பார்த்தால், காலைக் கட்டம் காலி. இரவுக் கட்டத்தில் ஒன்று என்று கொட்டை எழுத்தில் நிற்கிறது. எனக்கு அழிக்கவும் தெரியவில்லை. ஈரத் தலையோடு வந்தவளிடம், "கெடுத்துட்டேம்மா" என்றேன்.

அவள் சீட்டைப் பார்த்தாள். துண்டைத் தூக்கி எறிந்தாள். ஆடினாள் என்றே சொல்ல வேண்டும்.

"என்ன செஞ்சிய?"

"ஒண்ணும் செய்யலம்மா."

"ஒண்ணும் செய்யாம எப்படிக் காலை ராத்திரியாகும்? நல்லா யோசிங்க."

"நீ சொன்னததான் செஞ்சேன்."

அவளே உட்கார்ந்து இருபது தடவை அடித்தாள். ஒவ்வொரு தடவையும் சீட்டு ஒழுங்காக வந்தது. "இன்னொருக்க அடிங்க ஆச்சி" என்று நாற்காலியை என் பக்கம் இழுத்தாள். அந்த நேரம் பார்த்துச் சாரல் காற்றில் எங்கோ மரம் சாய்ந்து கரண்டு போயிற்று. நெட்டும் போயிற்று. சீசனில் இப்படித்தான். இரண்டு நாள் வரவில்லை. அவள் கம்பெனிக்குப் போன் போட்டு, வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு எல்லாரும் திரையில் கூடுவதென்று பேசி வைத்தாள்.

"ஆச்சி, நீங்களே அவுக முன்னாடி அடிக்கணும். நீங்க பேச வேண்டாம். புதன்கிழமை செஞ்சத அப்படியே செஞ்சாப் போதும்" என்றாள். நானும் தலையாட்டினேன்.

இங்கேதான் நான் கெட்டேன். நாலு பெரிய மனுஷர் பார்க்க, லாட்ஜ்க்காரக் கிழவி தப்பாக அடித்தால் யாருக்கு அசிங்கம்? அவளுக்கல்லவா? 'போயும் போயும் இதைக் கூட்டிட்டு வந்தாளே' என்று சொல்ல மாட்டார்களா? அப்படித்தான் என் புத்தி போயிற்று. அவள் வேண்டாம் என்று போட்டிருந்த உடைந்த கீபோர்டு ஒன்று மோட்டார் ரூமில் கிடந்தது. அதைத் துடைத்து எடுத்து, அவள் அடிக்கிற மாதிரியே, கோழி கொத்துகிற மாதிரி டக் டக்கென்று இரண்டு நாளும் பழகினேன். எங்கள் தெருப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காயும் நேர்ந்துகொண்டேன்.

வெள்ளிக்கிழமை மதியம் கரண்டு வந்தது. மூன்று மணிக்குத் திரையில் நாலைந்து முகம். நடுவில் வழுக்கைத் தலையோடு மேனேஜர். அவள் மிஷினைப் புதன்கிழமை எடுத்த படத்துக்குத் திருப்பிக் கொண்டுபோய், கன்சோலை எல்லாருக்கும் தெரிகிற மாதிரி திறந்து வைத்தாள்.

"பாட்டி, டென்ஷன் ஆகாதீங்க" என்றார் மேனேஜர்.

நான் ஆகவில்லை. டக், டக், டக். பேர், என்டர், ஒன்று, என்டர். சீட்டு வந்தது. காலைக் கட்டத்தில் ஒன்று, மற்றது காலி. பிள்ளையார் கைவிடவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

மேனேஜர் சிரித்தார். "சூப்பர் பாட்டி! மேடம், பாட்டியே கரெக்டா பண்ணிட்டாங்க. இன்னும் என்ன பிராப்ளம்? அஞ்சு மணிக்குள்ள அப்ரூவ் பண்ணிடுங்க. உங்களால முடியலைன்னா சொல்லுங்க, வேற ஆள் இருக்காங்க."

முகங்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. அவள் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

"ஆச்சி. பழகினியளா?"

மோட்டார் ரூமுக்குப் போய், உடைந்த கீபோர்டை எடுத்து வந்து மேசையில் வைத்தேன்.

அவள் அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "உங்கள யாரு நல்லாச் செய்யச் சொன்னா? இது உங்க தப்பு ஆச்சி. சத்தியமா உங்க தப்பு" என்றாள். அவள் வாயால் ஒரு மனுஷரைத் தப்பு என்று சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். வெட்கப்படுவதை விட்டுவிட்டு எனக்கு ஏனோ நிமிர்ந்து உட்காரத் தோன்றியது. அப்புறம் அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துச் சிரித்துக் கண்ணீர் வந்து, பிறகு கண்ணீர் மட்டும் வந்தது.

"மிஷினப் புதன்கிழமைக்குக் கொண்டுபோயிட்டேன். உங்கள எப்படிக் கொண்டுபோவேன்?"

மணி மூன்றே முக்கால். என்னைப் பயமுறுத்தினால் பழைய கை வந்துவிடும் என்று நினைத்தாள். பின்னால் நின்று தட்டைத் தட்டினாள், "ஏட்டி கெழவி, சீக்கிரம் அடிட்டி" என்று கத்தினாள், போலீஸ் அண்ணன் மாதிரி மிரட்டினாள். எனக்குச் சிரிப்புதான் வந்தது. சீட்டு ஒழுங்காகவே வந்துகொண்டிருந்தது. நாலரை ஆயிற்று. அவள் தலையைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

"எங்கம்மை சொன்ன பேச்சக் கேக்குதவ ஆச்சி. சீட்டுல ராத்திரின்னு இருந்தா ராத்திரிதான் திம்பா. சோறு திங்காம, வெறும் வயித்துல படுத்தாலும் திம்பா. சுகரு இறங்கிப்போனா அப்புறம் யாரு எழுப்புவா?"

அப்போது மேல் தொட்டியில் தண்ணீர் இல்லை என்று மூன்றாம் நம்பர் அறையிலிருந்து சத்தம் போட்டார்கள். நான் எழுந்து மோட்டார் போடப் போனேன். அந்த மோட்டாரின் பச்சைப் பொத்தானைத் தொட்டுவிட்டு விட்டால் ஓடாது. அழுத்திப் பிடிக்க வேண்டும். உர்ர் என்று மோட்டார் பிடிக்கிற வரைக்கும் விரலை எடுக்கக் கூடாது. அழுத்திக்கொண்டு நிற்கும்போது என் விரலைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே நின்றேன். பிறகு படி ஏறி ஓடினேன். என் வயதில் அது ஓட்டந்தான்.

"எம்மா, அன்னைக்கு அந்த என்டர் பட்டன நான் மோட்டார் பொத்தான அமுக்குத மாதிரில்லா அமுக்குனேன்! பிடிக்க வரைக்கும் விடல!"

அவள் மிஷினை மறுபடி புதன்கிழமைக்குக் கொண்டுபோனாள். நான் பேரை அடித்து, என்டரை மோட்டார் மாதிரி அழுத்திப் பிடித்தேன். திரையில் எழுத்து விழுகிற இடத்தைக் காட்டும் சின்னக் கோடு காலையைத் தாண்டி, மதியத்தைத் தாண்டி, இரவில் போய் நின்றது. காலைக்கு என்று நான் அடித்த ஒன்று இரவில் விழுந்தது. காலைக் கட்டத்தைத் தொடாமலே தாண்டுகிறாயே என்று அது ஒரு வார்த்தை கேட்கவில்லை. சீட்டை நீட்டிவிட்டது.

அஞ்சுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது மறுபடி முகங்களைக் கூப்பிட்டாள். செய்து காட்டினேன். மேனேஜருக்குச் சிரிப்பு இல்லை. ஆனாலும் விடவில்லை.

"மேடம், இது கன்சோல் பிராப்ளம். லைன் ஸ்லோவா இருந்தா ஒரு கீ மூணு தடவை விழும். கிளினிக்ல கன்சோல் கிடையாது."

அவள் தன் சொந்தக் கம்ப்யூட்டரிலேயே அந்த பில்டை ஏற்றினாள். இத்தனை நாளில் அவள் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. என்னை நகர்த்தி உட்கார வைத்தாள். அழுத்தினேன். காலை மறுபடி இரவாயிற்று.

மேனேஜர் சலிப்போடு சொன்னார். "சரி மேடம். ஆனா பிராக்டிகலா யோசிங்க. ஒரு பட்டனை யாரு இவ்வளவு நேரம் அமுக்குவா?"

அவள் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் ஒரு குரல் கேட்டது.

"நான் அமுக்குவேன் ஐயா."

அது என் குரல். அத்தனை முகமும் என்னைப் பார்த்தன. ஒளிந்துகொள்ள அந்த அறையில் தூண் இல்லை.

"நான் அமுக்குவேன். என்ன மாதிரி ஆளுவ ஊருக்குப் பத்து பேரு இருக்கோம். நாங்க அமுக்குததுக்கு எங்களத் திட்டாதிய" என்றேன். பிறகு எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. அவள்தான் தண்ணீர் கொடுத்தாள்.

அன்றைக்கு ஒப்புதல் போடவில்லை. ஒரு வாரம் தள்ளிவைத்தார்கள். நாங்கள் ஜெயித்துவிட்டோம் என்று நினைத்து நான் தேங்காயை உடைத்துவிட்டேன். பிள்ளையாருக்கு எந்தப் பக்கத்து வேண்டுதல் என்று குழப்பம் வந்திருக்கும்.

ஒரு வாரம் கழித்து, திருத்தினது என்று சொல்லிக் கம்பெனியிலிருந்து புது பில்டு வந்தது. அவள் மிஷினை உண்டாக்கி, என்னைக் கூப்பிட்டாள். அழுத்தினேன். காலை இரவாயிற்று. எதையும் திருத்தவில்லை. திருத்த நாளாகுமாம், கிளினிக்குகள் காத்திருக்கின்றனவாம். அதற்குப் பதிலாக ஒரு வேலை செய்திருந்தார்கள். கம்ப்யூட்டர் பக்கத்தில் ஒட்டுவதற்கு ஒரு தாள் அச்சடித்து அனுப்பியிருந்தார்கள். 'பொத்தானை மெதுவாக அழுத்தவும்.' பக்கத்தில் கை கூப்பிய ஒரு பொம்மை.

அவள் அதை இரண்டு தடவை படித்தாள். இவ்வளவு கெட்ட வார்த்தை ஒரு பெண்ணுக்குத் தெரியும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். போலீஸ் வீடு. ஒப்புதல் போட மாட்டேன் என்று எழுதி அனுப்பினாள். மறுநாளே வேறு யாரோ போட்டுவிட்டார்கள். அந்த வாரமே வேலையை விட்டாள்.

ஆட்டோவில் பையை ஏற்றும்போது, "எங்கன போறம்மா?" என்றேன்.

"முதல்ல ராயகிரிக்கு. எங்கம்மையோட சீட்டக் கிழிச்சுப் போட்டுட்டு, என் கையால எழுதி வைக்கணும். அப்புறம் எங்கனயாவது. உடைக்க வேண்டியது நிறையக் கெடக்கு" என்றாள். ஆட்டோ கிளம்பவில்லை. டிரைவர், "இறங்கி ஒரு தள்ளு தள்ளுங்க மேடம்" என்றார். அவள் அவரைப் பார்த்த பார்வையில் அது தானே கிளம்பிவிட்டது.

அதற்குப் பிறகு அவளைப் பற்றித் தகவல் இல்லை. நான் வைத்திருந்த போன் நம்பர் இப்போது உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் சொல்கிறாள். நான் எழுதியதில் கம்ப்யூட்டர் விஷயம் முன்னே பின்னே இருக்கலாம். பில்டா, பில்ட்டா என்பதுகூட எனக்குச் சரியாகத் தெரியாது. விவரம் தெரிந்தவர்கள் திருத்திக்கொள்ளுங்கள். அது எப்படி இருந்தாலும் பரவாயில்லை. உங்கள் ஊர்க் கிளினிக்கில் கம்ப்யூட்டர் பக்கத்தில் கை கூப்பிய பொம்மை போட்ட தாள் ஒட்டியிருந்தால் மட்டும், வீட்டுக்குப் போனதும் சீட்டையும் டாக்டர் எழுதினதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யாராவது ஒருவர் ஒத்துப் பாருங்கள். காலை காலையிலேயே இருக்கிறதா என்று.